தொழில்முறைப் பாடகர்களுக்கு ஓகே.. ஊர் நாடகக் குழுவுக்கு 6 பேர்தானா? கொரோனா காலத்தில் இங்கிலாந்தைக் கொதிக்க வைத்த விதி!

பகலில் வேலை, ராத்திரியில் ஒத்திகை. சம்பளம் கிடையாது, கைதட்டல்தான் கூலி. இப்படி இயங்கும் இங்கிலாந்தின் அமெச்சூர் நாடக, இசைக் குழுக்கள் 2021 மே மாதம் அரசு மீது கொந்தளித்தது ஏன்? குழுக்களுக்குள்ளேயே மனக்கசப்பு வந்தது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது?

2020 மார்ச் 16 அன்று, பப், தியேட்டர் பக்கம் போக வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன். அன்று இரவே லண்டன் வெஸ்ட் எண்ட் அரங்குகள் மூடப்பட்டன. சர்ச் ஹால்களிலும் ஊர்ப் பொது மண்டபங்களிலும் நடந்துவந்த அமெச்சூர் ஒத்திகைகளும் அப்படியே நின்றன.

கலைத்துறையைக் காப்பாற்ற ஜூலையில் 157 கோடி பவுண்டு நிதியை அரசு அறிவித்தது. ஆனால் அதன் முதல் சுற்றில் குறைந்தபட்ச மானியமே 50,000 பவுண்டு. டிக்கெட் காசிலும் உறுப்பினர் சந்தாவிலும் ஓடுகிற ஒரு சின்னக் குழு அதற்கு எங்கே போய் விண்ணப்பிக்கும்?

பாட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

இதற்குப் பின்னால் ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் மவுண்ட் வெர்னானில் ஸ்காஜிட் வேலி என்ற சேர்ந்திசைக் குழு ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர், ஒத்திகை நடந்தது இரண்டரை மணி நேரம். அதன்பிறகு அவர்களில் 53 பேருக்குத் தொற்று இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இதில் 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது. 20 பேருக்குத் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம் எனக் கணக்கிடப்பட்டது. 2 பேர் உயிரிழந்தனர்.

பாடும்போது வாயிலிருந்து வெளியேறும் நுண்துளிகள் காற்றிலேயே மிதக்கும். மூடிய அறையில், பக்கத்தில் பக்கத்தில் நின்று, மூச்சை ஆழமாக இழுத்துப் பாடினால் ஆபத்து கூடும்.

அப்படியென்றால் பாட்டுதான் வில்லனா? அங்கேதான் ட்விஸ்ட். 25 தொழில்முறைக் கலைஞர்களை வைத்து பிரிட்டன் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2020 ஆகஸ்ட்டில் வெளியானது. ஒரே சத்த அளவில் பேசினாலும் பாடினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, சத்தம் கூடக் கூடத்தான் நுண்துளிகள் பல மடங்கு பெருகுகின்றன என்றது அந்த ஆய்வு. அதாவது, மெதுவாகப் பாடுகிறவரைவிட சத்தமாகக் கத்திப் பேசுகிறவரால் ஆபத்து அதிகமாக இருக்கலாம்.

2021 மே மாதம் என்ன நடந்தது?

மே 17 அன்று இங்கிலாந்தில் தியேட்டர்கள் திறந்தன. பப்புக்குள் உட்கார்ந்து குடிக்கவும் அனுமதி வந்தது. ஒரு வழியாக ஒத்திகை ஆரம்பிக்கலாம் என்று குழுக்கள் நாள் குறித்து, மண்டபம் புக் செய்து காத்திருந்தன. மறுநாள் வெளியான அரசு வழிகாட்டுதலில்தான் குண்டு விழுந்தது. தொழில்முறை அல்லாதவர்கள் அறைக்குள் சேர்ந்து பாடுவதென்றால் 6 பேர் மட்டுமே. சம்பளம் வாங்கிப் பாடுகிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை கட்டுப்பாடு இல்லை.

"வைரஸுக்கு யார் சம்பளம் வாங்குகிறார் என்று தெரியுமா?" என்பதுதான் குழுக்களின் கோபத்தின் சாரம். மேடை ஏற 30 பேர் தேவைப்படும் ஓர் இசை நாடகத்தை 6 பேரை வைத்து எப்படி ஒத்திகை பார்ப்பது? பாடுவதால் தொற்று பரவும் ஆபத்து கூடும் என்பதுதான் அரசு தரப்பு சொன்ன காரணம்.

ஜூன் 21-ல் எல்லா கட்டுப்பாடும் போய்விடும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. டெல்டா வகை பரவியதால் தேதி ஜூலை 19-க்குத் தள்ளிப்போனது. இடையில் ஜூலை 11 அன்று யூரோ கால்பந்து இறுதிப்போட்டிக்காக வெம்ப்ளி மைதானத்தில் 60,000-க்கும் அதிகமானோர் கூடி ஆடிப்பாடினார்கள். அது திறந்தவெளிதான். ஆனாலும், அதே வாரம் ஊர் மண்டபத்தில் ஏழாவது ஆள் பாடக்கூடாது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

குழுக்களுக்குள் சண்டை எதற்கு?

அரசோடு மட்டும் மல்லுக்கட்டு என்றால் பரவாயில்லை. கூடவே நடிக்கிறவரோடும் மல்லுக்கட்ட வேண்டி வந்தது.

ஜூம் ஒத்திகை: இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதனால் சேர்ந்து பாடினால் தாளம் தப்பும். எல்லோரும் 'மியூட்' போட்டுக்கொண்டு தனித்தனியாகப் பாட வேண்டியதுதான். "இதுவாவது இருக்கே" என்பது ஒரு தரப்பு, "இது ஒத்திகையே இல்லை" என்பது இன்னொரு தரப்பு.

உரிமம்: மேடையில் போட வாங்கிய உரிமம் ஆன்லைன் ஒளிபரப்புக்குச் செல்லாது. அதற்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம். நாடகத்தைத் தள்ளிவைப்பதா, ரத்து செய்வதா, செலவான பணம் என்ன ஆகும் என்ற கேள்விகளும் சேர்ந்துகொண்டன.

தடுப்பூசி: வயதானவர்களுக்கே முன்னுரிமை என்பதால் மே மாதத்தில் 30-களில் இருப்பவர்கள் வரைதான் அழைப்பு வந்திருந்தது. அதனால் ஒரே குழுவில் இரண்டு டோஸ் போட்டவரும் இருப்பார், ஒன்றுகூட போடாதவரும் இருப்பார். வீட்டில் நோயாளி இருக்கிறவர் வரத் தயங்கினால், "எத்தனை நாள்தான் காத்திருப்பது?" என்ற கேள்வி எழும்.

ஜன்னல்: கேட்கச் சின்ன விஷயம்தான். காற்றோட்டத்துக்காக ஜன்னலைத் திறந்தால் குளிர் தாங்காது, மூடினால் தொற்று பயம்.

இப்படிப்பட்ட சண்டைகளில் இரு பக்கமும் நியாயம் இருந்தது. ஒருவருக்கு அது பொழுதுபோக்கு. தனியாக வாழும் முதியவருக்கோ, வாரத்தில் மனிதர்களைப் பார்க்கும் ஒரே நாள் அந்த ஒத்திகை நாளாக இருக்கலாம்.

முடிவு என்ன?

ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் 6 பேர் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. அதன்பிறகு யார் வரலாம், முகக்கவசம் வேண்டுமா, ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா என்பதையெல்லாம் குழுக்களே பேசி முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதுவரை திட்டுவதற்கு அரசாவது இருந்தது!

நாளைக்கு இன்னொரு தொற்று வந்தால் கவனிக்க வேண்டியவை நான்கு: காற்றோட்டம், சத்தத்தின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, அறைக்குள் இருக்கும் நேரம். பாடுகிறவர் சம்பளம் வாங்குகிறாரா என்பது இந்தக் கணக்கில் வராது.