நைட் ஷிப்ட்டில் மூளைக்கு என்ன ஆகிறது?

நூல் அறுந்தது கண்ணில் பட்டும் கை உடனே போகாத நேரம் ஒன்று உண்டு. திருப்பூரில் மண்ணரை, ஊத்துக்குளி ரோடு பக்கம் நிட்டிங்கில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு அது தெரியும்: அதிகாலை மூன்று முதல் ஐந்து வரை. விடிந்து வீட்டுக்கு வந்தால் தூக்கம் பிடிக்காது; பிள்ளைகள் சத்தம் போட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். கம்பெனியில் ‘பொறுப்பில்லாதவர்’, வீட்டில் ‘சிடுமூஞ்சி’ என்று பெயரும் வந்துவிடும்.

ஒருவரின் குணத்தைக் குறை சொல்வதற்கு முன், அவருடைய மூளை, ஹார்மோன், மரபணு ஆகியவற்றில் காரணம் தேடச் சொல்கிறது உளவியலின் உயிரியல் அணுகுமுறை. நைட் ஷிப்ட்டை அதன் வழியே பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும்.

உடலுக்குள் கடிகாரம்

மூளையின் அடியில், ஹைபோதலாமஸ் பகுதியில், சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட சிறு முடிச்சு நம் நேரத்தை நடத்துகிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துப் பகல், இரவைக் கணிக்கிறது. இருட்டியதும் மெலடோனின் சுரக்கிறது; பின்னிரவில் உடல் வெப்பம் தணிகிறது; விடியும் நேரத்தில் கார்டிசால் உயர்கிறது. கை மந்தமாவது இந்தச் சுற்றின் அடிமட்டத்தில்தான். பழ ஈக்களில் இந்தக் கடிகாரத்துக்கான மரபணுவை 1971-ல் கொனோப்காவும் பென்சரும் அடையாளம் கண்டார்கள். அது இயங்கும் விதத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

மதுரையில் கிடைத்த சான்று

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர், பகல் வெளிச்சமும் நேரமும் தெரியாத தனியறையில் தன்னார்வலர்களைத் தங்கவைத்து ஆராய்ந்தார்கள். தூக்கமும் விழிப்பும் தானாகவே மாறி மாறி வந்தன. சுற்றின் நீளம் மட்டும் 24 மணி நேரத்தைத் தாண்டியது. 1970-களில் அவர்கள் குகை வௌவால்களை வைத்து இன்னொன்றையும் கண்டார்கள். இருட்டுக் குகையில் கூண்டில் அடைத்த வௌவால், கூட்டம் இரைதேடிக் கிளம்பும் நேரத்தில் தானும் சுறுசுறுப்பானது. கூட்டமில்லாத இடத்தில் அதன் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துபோனது. சுற்றி இருப்பவர்களும் உடலின் கடிகாரத்தைத் திருத்தக்கூடும்.

நைட் ஷிப்ட் முடித்தவருக்கு இரண்டுமே எதிராக நிற்கின்றன: முகத்தில் வெயில், விழித்திருக்கும் தெரு.

கோபமும் டீயும்

ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் மூளையை 2007-ல் வாக்கர் குழுவினர் படம்பிடித்தார்கள். மனதைக் கலக்கும் காட்சிகளைப் பார்த்தபோது, உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது. அதை அடக்கும் மூளையின் முன்பகுதியின் பிடியும் தளர்ந்திருந்தது. 

விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டுகிறது. டீயிலுள்ள காஃபீன் அதை மறிக்கிறதே தவிரக் களைப்பைத் தீர்ப்பதில்லை. நாலு மணிக்குக் குடித்த டீயின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, ஒன்பது மணிக்கும் உடலில் இருக்கும். காலைத் தூக்கம் அதனாலும் கெடுகிறது.

உயிரியல் சொல்லாதது

கோபம் எப்படிக் கிளம்புகிறது என்பதை அமிக்டலா சொல்லும். பன்னிரண்டு மணி நேரம் ஏன் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைக் கூலியும் ஷிப்மென்ட் தேதியும்தான் சொல்லும். எல்லாவற்றையும் உடல்மேல் போட்டுவிட்டால் வேலை நேரத்தை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. ஷிப்ட்டைப் பகல், மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றலாம். டீயை முன்னிரவோடு நிறுத்தலாம். நடுவில் இருபது நிமிடம் கண்ணயர விடலாம். பகலில் தூங்கும் அறையை இருட்டாக்கலாம்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 தான். துணியில் ஓட்டை விழுந்தால் ஆளைத் திட்டுவதற்கு முன், அவர் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறார் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி கம்பெனிக்கும் நல்லது, குடும்பத்துக்கும் நல்லது.