பாதை (சூழல் மாறி)

பாதை என்பது, கட்டளை வரியில் ஒரு நிரலின் பெயர் உள்ளிடப்படும்போது அந்நிரலை எந்தெந்தக் கோப்புறைகளில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும் சூழல் மாறி ஆகும். மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில் இது 'பாத்' என்னும் பெயரால் அறியப்படுகின்றது. இதன் மதிப்பு, கோப்புறை முகவரிகள் அரைப்புள்ளியால் பிரித்து எழுதப்பட்ட ஒரு பட்டியலாகும்.

தேடப்படும் நிரல் இப்பட்டியலில் உள்ள எக்கோப்புறையிலும் கிடைக்காவிட்டால், அப்பெயர் அகக் கட்டளையாகவோ, புறக் கட்டளையாகவோ, இயக்கத்தக்க நிரலாகவோ, தொகுதிக் கோப்பாகவோ அறியப்படவில்லை என்ற பொருளில் பிழைச்செய்தி தோன்றும். நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர்கள் முதலில் எதிர்கொள்ளும் பிழைகளுள் இதுவும் ஒன்று. நிரல் கணினியில் நிறுவப்படவில்லை என்று இச்செய்தி கூறுவதில்லை. தேடப்பட்ட இடங்களில் அது இல்லை என்று மட்டுமே கூறுகின்றது. இவ்வேறுபாட்டை அறியாதோர் மென்பொருளைப் பலமுறை நீக்கி மீண்டும் நிறுவுவதுண்டு. பட்டியல் மாறாதவரை பிழையும் மாறுவதில்லை.

இக்கட்டுரையில் தமிழ் எழுத்துகளில் தரப்பட்டுள்ள கட்டளைகளும் முகவரிகளும் கணினியில் ரோமன் எழுத்துகளிலேயே உள்ளிடப்படும்.

ஓர் ஒப்புமை

சிதம்பரத்திலிருந்து தொடருந்தில் வடக்கு நோக்கிச் செல்லும் ஒருவர் கடலூர் நகரின் மஞ்சக்குப்பம் பகுதிக்குச் செல்ல விரும்புவதாகக் கொள்ளலாம். 'கடலூர்' என்னும் பெயரை மட்டும் அறிந்த அவர், அப்பெயருடன் முதலில் வரும் நிலையத்தில் இறங்கினால், பழைய நகரப் பகுதியிலுள்ள கடலூர் துறைமுகச் சந்திப்பில் நிற்பார். மஞ்சக்குப்பத்துக்கு அண்மையிலுள்ள நிலையம் அதற்கு அடுத்து வரும் திருப்பாதிரிப்புலியூர் ஆகும். அதன் பெயரில் கடலூர் என்ற சொல்லே இல்லை.

கட்டளை வரியும் இப்பயணியைப் போன்றதே. பட்டியலின் வரிசைப்படி சென்று, பெயர் பொருந்தும் முதல் இடத்திலேயே அது நின்றுவிடும். மேலும் பொருத்தமான ஒன்று அடுத்த கோப்புறையில் இருக்கின்றதா என்று பார்ப்பதில்லை. முழு முகவரி கொடுக்கப்பட்டால் தேடலே நிகழாது. பாதை தொடர்பான சிக்கல்களும் இதனால் இரு வகைப்படும். ஒன்று, நிரல் கிடைக்காமல் போவது. மற்றொன்று, அதே பெயரில் உள்ள வேறொரு நிரல் கிடைப்பது.

தேடும் முறை

விண்டோஸ் கட்டளைத் தூண்டியில் ஒரு பெயர் உள்ளிடப்பட்டதும் பின்வரும் வரிசையில் தேடல் நிகழ்கின்றது.

1. அப்பெயர் 'டிர்', 'சிடி', 'எக்கோ' போன்ற அகக் கட்டளையா என்று பார்க்கப்படும். இவை கட்டளைத் தூண்டியின் உள்ளேயே அமைந்தவை; இவற்றுக்குத் தனிக் கோப்பு தேவையில்லை.
2. பயனர் அப்போது இருக்கும் நடப்புக் கோப்புறை தேடப்படும்.
3. பாதைப் பட்டியலிலுள்ள கோப்புறைகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தேடப்படும்.

கோப்பின் பின்னொட்டு தரப்படாவிட்டால், 'பாத்எக்ஸ்ட்' என்னும் மற்றொரு சூழல் மாறி குறிப்பிடும் பின்னொட்டுகள் (.காம், .எக்ஸ்இ, .பேட், .சிஎம்டி முதலியன) அதே வரிசையில் சேர்த்துப் பார்க்கப்படும். ஒரு கோப்புறையில் எல்லாப் பின்னொட்டுகளையும் பார்த்த பின்னரே அடுத்த கோப்புறைக்குத் தேடல் நகரும்.

பவர்ஷெல் இவ்வாறு நடப்புக் கோப்புறையைத் தானாகத் தேடுவதில்லை. அங்குள்ள நிரலை இயக்கப் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் பின்சாய்வுக்கோடும் இடுதல் வேண்டும். யுனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களிலும் வழக்கமாக நடப்புக் கோப்புறை தேடப்படுவதில்லை; அங்கு பின்சாய்வுக்கோட்டுக்குப் பதிலாக முன்சாய்வுக்கோடு பயன்படும்.

வரலாறு

1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் போர்ன் ஷெல்லில் இம்மாறி இன்று அறியப்படும் வடிவில் இடம்பெற்றிருந்தது. அங்குக் கோப்புறைகளைப் பிரிக்க முக்காற்புள்ளி பயன்படுத்தப்பட்டது.

1981இல் வெளியான எம்எஸ்-டாஸ் முதற் பதிப்பில் துணைக் கோப்புறைகள் இல்லாததால் இத்தகைய பட்டியலுக்குத் தேவை எழவில்லை. 1983இல் வெளியான எம்எஸ்-டாஸ் 2.0 துணைக் கோப்புறைகளையும் 'பாத்' கட்டளையையும் அறிமுகப்படுத்தியது. 'சி:' என்றவாறு வட்டுகளின் பெயருடன் முக்காற்புள்ளி ஏற்கனவே வழங்கி வந்தமையால் பட்டியலைப் பிரிக்க அரைப்புள்ளி எடுத்துக்கொள்ளப்பட்டது. விண்டோஸ் இம்மரபையே தொடர்கின்றது.

விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் பாதை வழக்கமாக 'ஆட்டோஎக்ஸெக்.பேட்' என்னும் தொகுதிக் கோப்பில் எழுதப்பட்டது. விண்டோஸ் என்டி வழிவந்த பதிப்புகளில் இது பதிவகத்தில் சேமிக்கப்படுகின்றது. விண்டோஸ் 10இன் முதல் வெளியீடு வரை நீண்ட பட்டியலை ஒரே வரி கொண்ட சிறு பெட்டியில் திருத்த வேண்டியிருந்தது. ஓர் அரைப்புள்ளி தவறினாலும் இரு முகவரிகள் ஒன்றாகி, இரண்டுமே பயனற்றுப் போயின. 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 இற்றைப்படுத்தலில் ஒவ்வொரு முகவரியையும் தனி வரியாகக் காட்டும் சாளரம் சேர்க்கப்பட்டது.

முறைமைப் பாதையும் பயனர் பாதையும்

விண்டோஸில் இரண்டு பாதைப் பட்டியல்கள் உள்ளன. முறைமைப் பாதை கணினியின் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது. அதை மாற்ற நிருவாகி உரிமை தேவை. பயனர் பாதை குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் உரியது; அதை அப்பயனரே மாற்றலாம். பயனர் உள்நுழையும்போது முறைமைப் பாதை முன்னும், பயனர் பாதை பின்னுமாக இணைக்கப்படுகின்றன. இதனால் ஒரே பெயருடைய நிரல் இரு பட்டியல்களின் கோப்புறைகளிலும் இருந்தால், முறைமைப் பாதையில் உள்ளதே இயங்கும்.

ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போது, தன்னைத் தொடக்கிய நிரலிடமிருந்து சூழல் மாறிகளின் படியொன்றைப் பெறுகின்றது. அதன்பின் அமைப்புகளில் செய்யப்படும் மாற்றம் ஏற்கனவே திறந்திருக்கும் கட்டளைத் தூண்டியைச் சென்றடையாது. பாதையைச் சரியாகத் திருத்திய பின்னரும் பிழை நீடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகும்.

பள்ளிப் பாடத்தில் ஓர் எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டில் 2019-20 கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், பைத்தான் நிரல் ஒன்றின் வழியாக சி++ நிரலைப் பெயர்த்து இயக்கும் பாடம் உள்ளது. கடலூர், சிதம்பரம் உள்ளிட்ட ஊர்களின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் இப்பாடப் பிரிவை எடுத்தவர்கள் பாதையின் இயல்பை நேரில் காணும் இடம் இது.

இப்பாடத்தில் கட்டளைத் தூண்டி பைத்தானைத் தொடக்குகின்றது. பைத்தான் 'ஜி++' என்னும் நிரல்பெயர்ப்பியை அழைக்கின்றது. ஆகவே இரு பெயர்களும் பாதையின் வழியே கிடைக்க வேண்டும். முந்தைய வகுப்பில் அறிமுகமாகும் டெவ்-சி++ மென்பொருள் தன் கோப்புறைக்குள்ளேயே மின்ஜிடபிள்யூ தொகுப்பையும் ஜி++ நிரல்பெயர்ப்பியையும் கொண்டிருக்கின்றது. அதன் இருப்பிடத்தைத் தன் சொந்த அமைப்புகளில் குறித்து வைத்திருப்பதால் அதற்குப் பாதைப் பட்டியல் தேவைப்படுவதில்லை. ஓராண்டு முழுவதும் டெவ்-சி++ வழியே சி++ நிரல்களை இயக்கிய அதே கணினியில், கட்டளை வரியில் ஜி++ 'அறியப்படவில்லை' என்ற செய்தி வருவது இதனாலேயே ஆகும்.

பிழைச்செய்தி பைத்தான் நிரலின் வெளியீட்டுக்கு நடுவே தோன்றுவதால், மாணவர் தாம் எழுதிய வரிகளில் பிழையைத் தேடக்கூடும். இதைவிடக் குழப்பம் தருவது மற்றொரு நிலையாகும். பைத்தானில் புறக் கட்டளையை இயக்கும் 'ஓஎஸ்.சிஸ்டம்' செயற்கூறு, அக்கட்டளை தோல்வியுற்றாலும் பைத்தான் நிரலை நிறுத்துவதில்லை. முன்னர் உருவான .எக்ஸ்இ கோப்பு அதே பெயரில் கோப்புறையில் இருந்தால், அடுத்த வரி அப்பழைய கோப்பை இயக்கிவிடும். சி++ நிரலில் செய்த திருத்தம் வெளியீட்டில் தெரியாமல் போனால், ஜி++ உண்மையில் இயங்கியதா என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

சரிசெய்யும் முறை

1. நிரல் கணினியில் உள்ளதா என அறிதல். கோப்பு உலாவியில் நிரலின் கோப்பைக் கண்டறிந்து, அதன் முழு முகவரியைக் கட்டளைத் தூண்டியில் உள்ளிட வேண்டும். முகவரியில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் தருதல் வேண்டும். நிரல் இயங்கினால் குறை பாதையில் மட்டுமே உள்ளது. மீண்டும் நிறுவத் தேவையில்லை.

2. எந்தப் படி இயங்குகின்றது என அறிதல். 'வேர்' என்னும் கட்டளையுடன் நிரலின் பெயரைத் தந்தால், அது கிடைக்கும் இடங்கள் தேடல் வரிசையில் பட்டியலிடப்படும். முதலில் இருப்பதே இயங்கும். பவர்ஷெல்லில் 'வேர்' வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயராதலால், அங்கு 'வேர்.எக்ஸ்இ' என முழுமையாக எழுத வேண்டும்.

3. கோப்புறையைச் சேர்த்தல். தொடக்கப் பட்டியில் சூழல் மாறிகளைத் திருத்தும் 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' சாளரத்தைத் தேடித் திறந்து, பயனர் பகுதியிலுள்ள 'பாத்' மாறியில் புதிய வரியாகக் கோப்புறையின் முகவரியைச் சேர்க்க வேண்டும். சேர்க்க வேண்டியது கோப்பின் முகவரி அன்று. அக்கோப்பு உள்ள கோப்புறையின் முகவரியாகும். நிரல்பெயர்ப்பிகளுக்கு இது பெரும்பாலும் 'பின்' என முடியும்.

4. புதிய சாளரத்தில் சோதித்தல். திறந்திருக்கும் கட்டளைத் தூண்டியையும், அதை உள்ளடக்கிய நிரல் தொகுப்பிகளையும் மூடிவிட்டு மீண்டும் திறக்க வேண்டும்.

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வகக் கணினிகளில் நிருவாகி உரிமை இல்லாவிட்டால், 'செட் பாத்=%பாத்%;' என்பதைத் தொடர்ந்து கோப்புறை முகவரியைத் தரலாம். இம்மாற்றம் அச்சாளரம் திறந்திருக்கும் வரை மட்டுமே நீடிக்கும் என்பதால் பிறர் பயன்பாட்டைப் பாதிக்காது. '%பாத்%' என்ற பகுதியை மறந்தால் பழைய பட்டியல் முழுவதும் மறைந்துவிடும். சாளரத்தை மூடித் திறந்தால் மீண்டும் கிடைக்கும்.

நிலையான மாற்றத்துக்குப் பரிந்துரைக்கப்படும் 'செட்எக்ஸ்' கட்டளையை எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டும். அது 1024 எழுத்துகளுக்கு மேற்பட்ட மதிப்பைத் துண்டித்துச் சேமிக்கும். மேலும், '%பாத்%' உடன் பயன்படுத்தினால் முறைமைப் பாதை முழுவதும் பயனர் பாதைக்குள் படியெடுக்கப்படும். துண்டிக்கப்பட்ட பகுதியைச் சாளரத்தை மூடித் திறந்து மீட்க இயலாது.

ஏனைய காரணங்கள்

பைத்தானின் விண்டோஸ் நிறுவியில், பாதையில் சேர்ப்பதற்கான தெரிவு இயல்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதில்லை. நிறுவலின்போது அதைத் தவறவிட்டவர்களுக்கு 'பைத்தான்' கட்டளை கிடைக்காது. விண்டோஸ் 10இன் 2019 மே இற்றைப்படுத்தலிலிருந்து, பைத்தான் இல்லாத கணினியில் அக்கட்டளை மைக்ரோசாப்ட் ஸ்டோரைத் திறக்கும் மாற்றுப்பெயராகவும் அமைந்துள்ளது. இது பாதைப் பட்டியலிலுள்ள ஒரு கோப்புறையின் வழியே நிகழ்வதாகும். தேவையற்றதாயின் விண்டோஸ் அமைப்புகளில் நிறுத்தலாம்.

பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு மற்றொரு சிக்கல் நேரலாம். பயனர் கோப்புறையின் பெயரும் முகவரியும் அப்போது தமிழ் எழுத்துகளைக் கொண்டிருக்கும். விண்டோஸில் தமிழுக்கு ஒருங்குறி மட்டுமே உண்டு. பழைய ஆன்சி குறிமுறைப் பக்கம் இல்லை. ஆன்சி முறையில் எழுதப்பட்ட பழைய கருவிகளால் அம்முகவரியைப் படிக்க இயலாது. பாதை சரியாக இருந்தும் கருவி இயங்காவிட்டால், அதை ரோமன் எழுத்துகள் மட்டும் கொண்ட கோப்புறையில் நிறுவிப் பார்க்கலாம்.

பாதுகாப்பு

முதலில் கிடைக்கும் நிரலே இயங்கும் என்ற விதி பாதுகாப்புக்கும் தொடர்புடையது. எவரும் எழுதக்கூடிய கோப்புறையொன்று பட்டியலின் முன்பகுதியில் இருந்தால், அறிமுகமான பெயரில் தீங்குநிரல் ஒன்றை அங்கு வைத்து இயங்கச் செய்ய முடியும். எனவே பொதுக் கோப்புறைகளையும், பதிவிறக்கக் கோப்புறையையும் பாதையில் சேர்த்தல் தவிர்க்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

சூழல் மாறி
கட்டளை வரி
நிரல்பெயர்ப்பி
கோப்பு முறைமை