முக்கால் வேக்காட்டில் ஒரு மதிப்பெண் பட்டியல்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழா நடக்கும் எட்டு நாளும் தேனி–கம்பம் சாலையில் பஸ் ஓடாது, ஊரும். தேனியிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். நாங்கள் போன அன்று அதைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. தங்கை தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். அவள் மகளுக்கு அன்றுதான் பிளஸ் டூ ரிசல்ட். மகள் முல்லையாற்றங்கரையில், ஈரத்துணி காயப்போட்டிருந்த படிக்கட்டில் உட்கார்ந்து, பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் தட்டிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு போனை என் பக்கம் நீட்டினாள். "நீங்களே பாருங்க மாமா."

நான் கை நீட்டி வாங்குவதற்குள் மார்க் வந்து நின்றது.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம், மார்க்குக்கு மூன்று நொடி. இத்தனைக்கும் மார்க் வந்த பாதையில் இருந்த கூட்டம் திருவிழாக் கூட்டத்துக்கு இளைத்ததல்ல. 2025-இல் பிளஸ் டூ எழுதியவர்கள் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொருவருக்கும் ஒரு முறைதான், அதுவும் முதல் பத்து நிமிடத்துக்குள் என்று கணக்குப் போட்டாலே நொடிக்கு ஆயிரத்து முந்நூறு பேர். அப்பா ஒரு போனில், சித்தப்பா இன்னொரு போனில், பதற்றத்தில் ஆளுக்கு நாலு தட்டு என்று பெருக்கினால் எண் எங்கேயோ போய்விடும்.

பொதுவாக மார்க் காட்டும் இப்படிப்பட்ட பக்கம் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை, நாம் கேட்ட பிறகுதான் பிறக்கிறது. பதிவெண் போய்ச் சேர்ந்ததும் ஒரு நிரல் விழிக்கிறது, தரவுத்தளத்தின் கதவைத் தட்டுகிறது, அந்த எண்ணுக்குரிய வரியைத் தேடி எடுத்து, பெயரை மேலே, பாடங்களைக் கட்டங்களில், கூட்டுத்தொகையைக் கீழே வைத்து ஒரு பக்கத்தை உருட்டி அனுப்புகிறது. அனுப்பியதும் மறந்துவிடுகிறது. நீங்கள் இன்னொரு தட்டு தட்டினால் அதே வேலையை மறுபடி முதலிலிருந்து செய்யும்.

"மேகக் கணினியில்தானே ஓடுகிறது, கூட்டம் வந்தால் இன்னும் பத்து இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் போயிற்று" என்பார்கள். எடுக்கலாம். ஆனால் புது இயந்திரம் எழுந்து நிற்கச் சில நிமிடம் ஆகும். ரிசல்ட் கூட்டத்தின் உச்சம் அந்தச் சில நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், இயந்திரங்கள் நூறானாலும் தரவுத்தளம் ஒன்றுதான். நூறு பரோட்டா மாஸ்டரை வேலைக்கு வைத்துவிட்டு மாவு ரூமுக்கு ஒரே கதவு வைத்த கதை.

மாஸ்டர் என்றதும் முந்தின இரவு திருவிழாக் கடையில் பார்த்தது நினைவுக்கு வருகிறது. அங்கே பரோட்டா மாஸ்டர், ஆள் வந்து கேட்ட பிறகா மாவு பிசைந்தார்? உருண்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. வீசிச் சுருட்டியவை ஒரு வரிசை. முக்கால் வேக்காட்டில் எடுத்தவை கல்லின் ஓரத்தில் ஒரு அடுக்கு. சால்னா எல்லாருக்கும் ஒரே அண்டா. "ரெண்டு சாதா, ஒரு கொத்து" என்று குரல் வந்ததும் கடைசி வேலை மட்டும் நடந்தது. நல்ல வலைத்தளத்தின் சமையலறையும் ஏறத்தாழ இதுதான். முகப்பும் சின்னமும் எழுத்துருவும் எல்லாருக்கும் பொதுவான சால்னா. பாதி தயாரான துண்டுகள் தனியே அடுக்கியிருக்கும். உங்களுக்கென்று உள்ள ஒரு வரி மட்டும் கடைசியில் சேரும்.

தேர்வு முடிவு விஷயத்தில் இன்னும் ஒரு படி போகலாம். அறிவித்த பிறகு மறுமதிப்பீடு வரை மார்க் மாறப்போவதில்லை. எனவே அத்தனை பேரின் பக்கத்தையும் முந்தின இரவே சமைத்து வைத்துவிடலாம். ஒரு பக்கம் ஐந்து கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், எட்டு லட்சம் பக்கத்துக்கு நாலு ஜிபி. தமிழ்நாட்டின் ஒரு வருடப் பிளஸ் டூ முழுவதும் விரல்நுனி மெமரி கார்டின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

சமைத்து வைக்கும் இந்த இடத்துக்குக் கேஷ் என்று பெயர். கல்லாவில் விழும் கேஷ் அல்ல, மறைத்துவைத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லில் பிறந்தது. நேராகத் தமிழாக்கிப் 'பதுக்கல்' என்று எழுதினால் ரேஷன் அரிசி ஞாபகம் வந்து தொலைக்கும் என்பதால் கேஷ் என்றே விடுகிறேன். கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய, வேகமான ஒன்றை வைக்கும் யோசனையை எழுதினார். அது கணினியின் வயிற்றுக்குள் நடக்கும் சங்கதி. இணையத்துக்கு வந்தபோது வேறொரு தொல்லை முளைத்தது. இயந்திரங்கள் பல. ஒன்று சமைத்து வைத்தது மற்றொன்றுக்குத் தெரியாது. லைவ்ஜர்னல் என்ற தளத்தை நடத்திய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக், 2003-இல் எல்லா இயந்திரங்களின் உபரி நினைவகத்தையும் சேர்த்து ஒரே பொது அலமாரியாக்கினார். மெம்கேஷ்டி என்ற அந்த மென்பொருள் இன்றும் பல மேகங்களில் உழைக்கிறது.

சமைத்த பக்கத்தின் பிரதியை ஆளுக்கு அருகில் கொண்டுவருவதும் ஒரு கலை. அமேசான் 2013-இல் சென்னையில் இப்படியொரு பிரதிக் கிடங்கைத் திறந்தது. அதன் முழு அளவிலான மும்பை மையம் வந்ததே 2016-இல்தான். வீரபாண்டியிலிருந்து மும்பை காக்கை பறக்கும் தூரத்தில் சுமார் 1,100 கிலோமீட்டர், சென்னை அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் கண்ணாடி இழையில் ஒளி மும்பை போய்த் திரும்ப நொடியில் நூறில் ஒரு பங்குதான் என்பதால் தூரத்தை நான் பெரிய குற்றவாளியாக நினைப்பதில்லை. நேரத்தைத் தின்பது பெரும்பாலும் சமையல்தான்.

சரி, எதை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? இங்கேதான் சாமர்த்தியம். எங்கள் பக்கத்து மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் வாரக்கணக்கில் கெடாது. பெரியாறு அணை நீர்மட்டம் காலையில் பார்த்தது சாயங்காலமும் ஏறக்குறைய சரியாக இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி அடிக் கணக்கைப் பேப்பரில் பார்த்துத்தான் பல காலம் நாற்று விட்டார். போடிநாயக்கனூர் ஏலக்காய் மின் ஏலத்தின் விலை அப்படியல்ல, அரை நிமிடப் பழசும் அங்கே பொய். ஆகவே ஒவ்வொரு பிரதியின் நெற்றியிலும் அதன் ஆயுளை நொடிக் கணக்கில் எழுதி அனுப்புகிறார்கள். ஆயுள் முடிந்ததும் தூக்கிப்போட்டுப் புதிதாகச் சமைக்க வேண்டும்.

அந்தத் தூக்கிப்போடும் கணம் ஆபத்தானது. லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கம் காலாவதியானால், அடுத்த நொடியில் வருகிற ஆயிரம் பேரும் "அடுக்கு காலி" என்று ஒரே நேரத்தில் மாவு ரூம் கதவில் மோதுவார்கள். 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் இரண்டரை மணி நேரம் படுத்தது ஏறக்குறைய இதனால்தான். கேஷில் இருந்த ஓர் அமைப்பு மதிப்பு தவறானது என்று கருதிய இயந்திரங்கள், சரியானதைத் தேடி மொத்தமாகத் தரவுத்தளத்துக்கு ஓடின. மூச்சு முட்டிய தரவுத்தளம் பிழை என்று பதில் சொல்ல, "ஆகா, இதுவும் தவறு" என்று இருந்த பிரதியையும் அழித்துவிட்டு மறுபடி ஓடின. கடைசியில் கடை ஷட்டரை முழுக்க இறக்கி, மெல்ல மெல்லத்தான் ஆட்களை உள்ளே விட முடிந்தது. இப்போதெல்லாம் ஒருவரை மட்டும் கதவுக்கு அனுப்பிவிட்டு, அவர் திரும்பும்வரை மற்றவர்களுக்குப் பழைய பிரதியையே கொடுத்துச் சமாளிப்பது வழக்கம்.

ஆறின பரோட்டாவைக்கூட மன்னித்துவிடலாம், அடுத்தவர் பார்சலைக் கொடுத்தால்தான் வம்பு. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடைத் தளத்தைத் தாக்குதல்காரர்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு போக்குவரத்தால் திணறடித்தார்கள். சமாளிக்க அவசரமாக மாற்றிய கேஷ் அமைப்பு, கணக்குக்குள் நுழைந்தவர்களின் சொந்தப் பக்கங்களையும் பொதுப் பொட்டலமாக நினைத்து அடுக்கிவிட்டது. ஒருவரின் முகவரியும் வாங்கிய பொருள் பட்டியலும் இன்னொருவர் திரையில் வந்து நின்றன. சுமார் 34,000 பேரின் விவரம் அப்படி வெளியாகியிருக்கலாம் என்று நிறுவனமே பின்னர் சொன்னது. பொட்டலத்தின் மேல் யார் பெயர் என்று எழுதுவது அத்தனை முக்கியம். மார்க் பார்க்கப் பதிவெண்ணோடு பிறந்த தேதியையும் கேட்பது, பக்கத்துப் பெஞ்சுக்காரி அடுத்த எண்ணைத் தட்டி எட்டிப் பார்க்காமல் இருக்க.

அன்று ஆற்றங்கரையில், தங்கை மகள் கண்ணைத் திறந்ததும் செய்த முதல் வேலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தது. அதுவும் ஒரு கேஷ்தான், நெற்றியில் ஆயுள் எழுதாத கேஷ். தீச்சட்டி இறக்கிவிட்டு அவள் அம்மா வருவதற்குள் படம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஏறி, அங்கிருந்து இன்னும் நாலு குழுவுக்குப் பரவிவிட்டது. கணக்குப் பாட மார்க்கில் நம்பிக்கை வராமல் அவள் விடைத்தாள் நகல் வாங்கி, மறுமதிப்பீட்டுக்குப் போட்டாள். ஏழு மார்க் கூடியது. தளத்தில் மறுநிமிடமே மாற்றிவிடலாம். சின்னமனூரில் இருக்கிற என் அக்கா மட்டும், போன வாரம் கல்யாண வீட்டில்கூட, பழைய மார்க்கைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "கூடியிருச்சுக்கா" என்றேன். "எனக்கு வந்த படத்துல அப்பிடித்தானடா இருக்கு" என்று போனை எடுத்துக் காட்டினாள்.