உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு நற்செய்தியில் (லூக்கா 14: 25-33) தம் பின்னே வந்த பெருங்கூட்டத்திடம் இயேசு ஒரு கேள்வி கேட்கிறார்: கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா? ஆள் சேர்க்க விரும்பும் எவரும் இப்படிப் பேசமாட்டார். தியாகம் என்றாலே உணர்ச்சிவேகத்தில் நடப்பது என்று நாம் எண்ணுகிறோம். இயேசுவோ நம்மை உட்காரச் சொல்கிறார்.

ஆஸ்திரிய நாட்டு விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் அப்படி உட்கார்ந்தவர். சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர். மனைவி ஃபிரான்சிஸ்கா, மூன்று பெண் குழந்தைகள். ஊர்க் கோவிலில் கோவில்பிள்ளை வேலையும் பார்த்தார். ஹிட்லரின் போர் அநீதியானது, அதில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்று அவர் மனச்சான்று சொன்னது. அதை மட்டும் நம்பி அவர் முடிவெடுத்துவிடவில்லை. செபித்தார், மறைநூலை வாசித்தார், குருக்களைக் கேட்டார், லின்ஸ் ஆயரிடமும் போனார். குடும்பத்தை நினைத்துப்பார் என்பதே கிடைத்த அறிவுரை.

அந்த அறிவுரையைத் தள்ளிவிடவும் முடியாது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி மறுத்தவர்களை இயேசுவே கண்டித்தார் (மாற்கு 7: 11-13). வீட்டாரின் பங்கை எடுத்துப் பலியிடுவது பலியாகாது. ஃபிரான்சிஸ்காவும் முதலில் கணவரின் மனத்தை மாற்றத்தான் பார்த்தார். எல்லாரும் எதிர்த்து நிற்க அவர் தனியாய் இருப்பதைக் கண்டு, பின்னர் அவர் பக்கம் நின்றார். அந்தப் பலியில் இருவருக்கும் பங்குண்டு என்றே நாம் சொல்வோம்.

1943 மார்ச்சில் ஃபிரான்ஸ் ஆயுதம் ஏந்த மறுத்தார். காயம்பட்டோருக்குப் பணிசெய்ய முன்வந்தார், அது ஏற்கப்படவில்லை. ஆகஸ்ட் 9ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டார். அவருக்கு வயது 36.

நம் பழக்கம் வேறு. முடிவை எடுத்துவிட்டுத்தான் ஆசீர் கேட்கக் கோவிலுக்கு வருகிறோம். மகனுக்கு வரதட்சணை பேசி முடித்த பிறகு ஓலை வாசிக்கச் சொல்லிச் சாமியாரிடம் வருகிறோம். தவக்காலத்தில் 40 நாள் இறைச்சியை விடுகிற வீடுதான் அது! அந்தத் தொகையை விடலாமா என்று ஒரு மாலை செபமாலை முடிந்தபின் குடும்பமாய் உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

ஃபிரான்சிஸ்கா பிள்ளைகளோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டார். ஊரில் பலர் அவரையே குறைகூறினர். 1950 வரை விதவைக்கான உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 2007 அக்டோபர் 26ஆம் நாள் லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ஸ் அருளாளராக உயர்த்தப்பட்டபோது அவருக்கு வயது 94. கணவரின் திருப்பண்டம் இருந்த பேழையை முத்தமிட்டுப் பீடத்துக்குக் கொடுத்தார்.