கோர்ட் வளாகத்தில் வக்கீல்களுக்கு சேம்பர்: யாருக்குக் கிடைக்கும்? விதிகள் என்ன சொல்கின்றன?

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இருந்து ஒரு விபத்து இழப்பீட்டு வழக்குக்காக உயர் நீதிமன்ற வளாகத்துக்கு வருபவர் முதலில் கேட்கும் கேள்வி, "வக்கீல் சார் ஆபீஸ் எங்க இருக்கு?" என்பதுதான். சில வக்கீல்களுக்கு வளாகத்துக்குள்ளேயே அறை இருக்கும். பலர் எதிரே இருக்கும் தெருக்களில் வாடகை அறையில் இருப்பார்கள். இன்னும் சிலர், "கோர்ட் ஹால் வாசல்லயே நில்லுங்க, நான் வந்துடுறேன்" என்பார்கள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம், சேம்பர் ஒதுக்கீடு. அது யாருக்குக் கிடைக்கும், எந்த அடிப்படையில் கிடைக்கும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

சேம்பர் என்றால் என்ன?

நீதிமன்ற வளாகத்துக்குள் வழக்கறிஞர்கள் அலுவலகமாகப் பயன்படுத்த ஒதுக்கப்படும் அறைதான் சேம்பர். வழக்குக் கட்டுகளை வைப்பது, கட்சிக்காரரைச் சந்திப்பது, மனு தயாரிப்பது, ஜூனியர்களை உட்கார வைப்பது என எல்லாம் இங்கேதான் நடக்கும். ஒரே நாளில் 3, 4 கோர்ட்டுகளுக்கு ஓடும் வக்கீலுக்கு வளாகத்துக்குள் ஓர் அறை இருப்பது பெரிய வசதி.

சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் தொடங்கப்பட்டது. இப்போதுள்ள சிவப்புக் கட்டடம் 1892-ல் திறக்கப்பட்டது. துறைமுகத்துக்கு எதிரே, மாநகராட்சியின் ராயபுரம் மண்டலத்துக்குள் வரும் ஜார்ஜ் டவுனில் இந்த வளாகம் இருக்கிறது. உயர் நீதிமன்றம் மட்டுமல்ல, நகர உரிமையியல் நீதிமன்றம், சிறுவழக்குகள் நீதிமன்றம் ஆகியவையும் இதே வளாகத்தில்தான். வழக்கறிஞர்களுக்கான சேம்பர் கட்டடங்களும் உள்ளேயே உண்டு. ஆனால் இங்கே தொழில் செய்யும் எல்லோருக்கும் அந்த அறைகள் போதாது.

அதனால்தான் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு முழுக்க வக்கீல் போர்டுகள் தொங்குகின்றன.

சேம்பர் கேட்பது வழக்கறிஞரின் உரிமையா?

இல்லை. வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் 30-வது பிரிவு, இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடும் உரிமையை வழக்கறிஞருக்குத் தருகிறது. ஆனால் அந்த உரிமைக்குள் அறை கேட்கும் உரிமை அடங்காது. உச்ச நீதிமன்றம் 1998-ல் வினய் பாலச்சந்திர ஜோஷி வழக்கிலும், 2018-ல் கோபால் ஜா வழக்கிலும் இதைத் தெளிவுபடுத்தியது. சேம்பர் என்பது நீதிமன்றம் செய்து கொடுக்கும் ஒரு வசதி. அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை.

அப்படியென்றால் இஷ்டப்படி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமா? அதுவும் முடியாது. பொது இடத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது, எல்லோருக்கும் பொருந்தும் நியாயமான அளவுகோல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒதுக்கீட்டு விதிகள்.

பொதுவாக என்ன தகுதி பார்க்கப்படுகிறது?

உச்ச நீதிமன்றத்துக்குத் தனி சேம்பர் ஒதுக்கீட்டு விதிகள் உண்டு. உயர் நீதிமன்றங்கள் தங்கள் விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. பெரும்பாலும் நீதிபதிகள் அடங்கிய குழு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும். நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் விதிகள் மாறினாலும், வழக்கமாகப் பார்க்கப்படும் அம்சங்கள் இவை:

• பார் கவுன்சில் பதிவு செல்லுபடியாக இருக்க வேண்டும். இடைநீக்கத்தில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு இல்லை.

• அந்த நீதிமன்றத்தில் வழக்கமாகத் தொழில் செய்ய வேண்டும். எத்தனை வழக்கு தாக்கல் செய்தார், எத்தனை முறை ஆஜரானார் என்பதுதான் இதற்கு ஆதாரம்.

• வழக்கறிஞர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும்.

• பணி மூப்பு. எத்தனை ஆண்டு அனுபவம் என்பது வரிசையைத் தீர்மானிக்கும்.

• வேறு நீதிமன்ற வளாகத்தில் ஏற்கெனவே சேம்பர் வைத்திருக்கக் கூடாது.

இதில் முக்கியமானது இரண்டாவது அம்சம். பதிவு செய்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர், பெயருக்கு ஓர் அறையைப் பிடித்து வைப்பதைத் தடுப்பதற்காகத்தான் ஆஜரான கணக்கு கேட்கப்படுகிறது.

கிடைத்த அறையை உள்வாடகைக்கு விடலாமா?

கூடாது. இது வாடகை ஒப்பந்தம் இல்லை, வெறும் உரிமம். இந்திய வசதியுரிமைகள் சட்டம் 1882-ன் 52-வது பிரிவு சொல்லும் 'லைசென்ஸ்' வகை. இடத்தைப் பயன்படுத்த அனுமதி உண்டு, இடத்தின் மீது உரிமை கிடையாது. அதனால் அறையை விற்க முடியாது, வேறொருவருக்கு மாற்றித் தர முடியாது. தொழிலை விட்டாலோ, நீதிபதியாகப் பதவியேற்றாலோ, பார் கவுன்சில் பதிவு ரத்தானாலோ அறையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டியதுதான்.

இடம் கேட்டு வழக்குப் போட முடியுமா?

டெல்லியில் போட்டுப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்கு ஒதுக்கப்பட்ட 1.33 ஏக்கர் நிலத்தை வழக்கறிஞர் சேம்பர்களுக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கம் வழக்கு தொடர்ந்தது. தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2023 மார்ச்சில் அதை ஏற்க மறுத்தது. தீர்ப்பு மூலம் உத்தரவிடும் விஷயம் இது அல்ல, நிர்வாக ரீதியாக எல்லாத் தரப்பையும் கலந்து முடிவெடுக்க வேண்டியது என்பதே அதன் சாராம்சம்.

யாருக்குப் பாதிப்பு?

முதல் தலைமுறை வக்கீல்களுக்குத்தான். ராயபுரம் மீனவர் குடும்பத்திலிருந்தோ, திருவொற்றியூர் தொழிலாளி வீட்டிலிருந்தோ சட்டம் படித்து வரும் இளைஞருக்கு அப்பாவின் ஆபீஸ் என்று ஒன்று இருக்காது. மூப்பு அடிப்படையில் சேம்பர் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆஜரான கணக்கு காட்ட வழக்கு வேண்டும். வழக்கு வர ஓர் ஆபீஸ் வேண்டும். இந்தச் சுழலில்தான் பலர் சிக்குகிறார்கள்.

ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தபட்சம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அந்தத் தொகை முழுசாகக் கைக்கு வந்தாலும், அதில் பாரிமுனை பக்கம் தனி அறை எடுப்பது லேசான காரியமில்லை.

பெண் வழக்கறிஞர்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். பிரசவம், குழந்தை வளர்ப்பு என்று இடைவெளி விழுந்தால் ஆஜரான கணக்கும் குறையும். சேம்பர் ஒதுக்கீட்டில் பெண்களுக்கு உரிய இடம் கேட்டு 2025-ல் உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கலானது. தனித்தனி அறைக்குப் பதிலாக, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பொது அலுவலக இடம் என்ற யோசனையும் பேசப்படுகிறது.

கட்சிக்காரர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

சேம்பர் இல்லை என்பதற்காக ஒரு வக்கீலைக் குறைத்து எடைபோட வேண்டாம். சேம்பர் திறமைக்கான சான்றிதழ் அல்ல. வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன், வக்கீலின் பதிவு எண்ணும் அலுவலக முகவரியும் அதில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் விசாரிக்கலாம்.

வக்கீல் வைக்கவே வசதி இல்லையா? சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியலின, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெறலாம். ஆலைத் தொழிலாளர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். உதவி எண் 15100.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் நேராக உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து வக்கீல் ஆபீஸ் உள்ளேயா, எதிர்த் தெருவிலா என்பதை மட்டும் கிளம்பும் முன்பே போனில் கேட்டுக்கொள்வது நல்லது.