வீட்டுச் செடிகளில் மாவுப்பூச்சித் தொல்லையா? வேப்பெண்ணெய்க் கரைசலைப் பயன்படுத்தும் சரியான முறை

பால்கனித் தொட்டியில் செழித்து நின்ற செம்பருத்தியின் தளிர்களில் திடீரெனப் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்திட்டுகள் தோன்றுவது, வீட்டில் செடி வளர்ப்போர் பலரும் சந்திக்கும் சிக்கலாகும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் நடமாடும் இடத்தில், வயல்களுக்கான இரசாயனப் பூச்சிக்கொல்லிகளைத் தெளிப்பது பாதுகாப்பானதன்று. எளிய வீட்டுப் பொருட்களைக் கொண்டே இப்பூச்சிகளைக் கட்டுப்படுத்த முடியும். ஆனால், பூச்சியின் வகையறிந்து, சரியான அளவில், இடைவிடாமல் பயன்படுத்தினால் மட்டுமே பலன் கிட்டும்.

எந்தப் பூச்சி?

வெண்பஞ்சு போல் ஒட்டியிருப்பவை மாவுப்பூச்சிகள். இளந்தளிர்களில் பச்சை அல்லது கருப்பு நிறத்தில் மொய்ப்பவை அசுவினிகள். செடியைத் தொட்டதும் கூட்டமாகப் பறப்பவை வெள்ளை ஈக்கள். இலையில் வெளிர்புள்ளிகளும் அடிப்புறத்தில் நுண்ணிய வலையும் காணப்பட்டால் அது சிலந்திப்பேன். இவை அனைத்தும் செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்பவை.

தொட்டி மண்ணின் மீது வட்டமிடும் சிறு கருப்பு ஈக்களுக்கு அளவுக்கு மீறிய ஈரமே காரணம். மேல்மண் காய்ந்த பிறகு நீர் ஊற்றினாலே அவை குறைந்துவிடும்.

முதல் மருந்து தண்ணீர்

பாதிக்கப்பட்ட செடியை முதலில் மற்ற செடிகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். இலைகளின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சினால் அசுவினிகளும் சிலந்திப்பேன்களும் பெருமளவு நீங்கும். மாவுப்பூச்சியின் உடலை மெழுகுப் பூச்சு மூடியிருப்பதால் தண்ணீர் மட்டும் போதாது. அலங்காரச் செடியாக இருந்தால், சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அவற்றைத் துடைத்தெடுக்கலாம்.

வேப்பெண்ணெய்க் கரைசல்

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சில துளிகள் திரவ சோப்பைக் கலந்து, பின்னர் 5 மில்லி லிட்டர் வேப்பெண்ணெய் சேர்த்து நன்கு குலுக்க வேண்டும். எண்ணெய் நீருடன் கலப்பதற்கு சோப்பு அவசியம். அன்று கலந்த கரைசலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள், பூச்சிகள் உண்பதைக் குறைப்பதோடு, அவை தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. எனவே தெளித்த உடனே பூச்சிகள் மடிவதில்லை. முட்டைகளிலிருந்து புதிய பூச்சிகள் வெளிவரும் என்பதால், வாரம் ஒருமுறை வீதம் மூன்று அல்லது நான்கு முறை தெளிக்க வேண்டும். பலரும் முதல் முறையோடு நிறுத்திவிடுவதே தொல்லை மீண்டும் தலைதூக்கக் காரணமாகிறது.

கவனிக்க வேண்டியவை

இயற்கைப் பொருள் என்பதால் தீங்கற்றது எனக் கருதிவிடக் கூடாது. சோப்பின் அளவு கூடினாலோ, கடும் வெயிலில் தெளித்தாலோ இலைகள் கருகும். ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்த பிறகு, மாலை வேளையில் செடி முழுவதும் தெளிப்பது நல்லது. துணி துவைக்கும் சோப்புத்தூளைத் தவிர்க்க வேண்டும். துளசி, கறிவேப்பிலை போன்ற உண்ணும் இலைகளை நன்கு கழுவிய பின்னரே பயன்படுத்த வேண்டும். வேப்பெண்ணெய் குழந்தைகளின் வயிற்றுக்குள் சென்றால் ஆபத்து விளையும் என்பதால், அவர்களுக்கு எட்டாத இடத்தில் வைப்பது அவசியம்.

நண்பனை அழிக்க வேண்டாம்

மாவுப்பூச்சிகளை உண்ணும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு, காபிச் செடிகளைத் தாக்கிய செதில் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்காக 1898ஆம் ஆண்டு இந்தியாவில் அறிமுகப்படுத்தப்பட்டது. இதன் புழுவும் வெண்பஞ்சு போர்த்தியதுபோல் மாவுப்பூச்சியையே ஒத்திருக்கும். ஆனால் அளவில் பெரியதாகவும், சுறுசுறுப்பாக ஊர்வதாகவும் இருக்கும். அத்தகைய புழு தென்பட்டால், மருந்து தெளிக்காமல் அதன் வேலையைச் செய்ய விடுவதே சிறந்தது.