தேய்த்த சட்டையும் தெளிந்த கேள்விகளும்

ஆடி மாதம் நெருங்கும்போதே ஜவுளிக்கடை வாசல்களில் 'ஆட்கள் தேவை' அட்டை தொங்க ஆரம்பித்துவிடும். ஆடித் தள்ளுபடியில் தொடங்கும் கூட்டம் தீபாவளி வரை குறையாது என்பதால் பரமக்குடியிலும் இராமநாதபுரத்திலும் மதுரையிலும் கடைகள் புதிதாக ஆள் எடுக்கும். நம் காலனிப் பிள்ளைகள் பலருக்கு வாழ்க்கையின் முதல் சம்பளம் இந்தக் கடைகளிலிருந்துதான் வருகிறது.

ஆனால் நேர்முகத் தேர்வு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க அவர்கள் வீட்டில் ஆள் இருப்பதில்லை. சித்தாள் வேலைக்குப் போன அப்பாவை யாரும் நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டதில்லை. நடவுக்குப் போகும் அம்மா இன்றைக்கு எதை உடுத்துவது என்று யோசித்ததில்லை. அதனால் "என்ன போட்டுக்கொண்டு போவது, என்ன பேசுவது?" என்று பிள்ளைகள் கேட்டால் வீடு விழிக்கிறது. அந்தக் கேள்விக்கான விடையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

போட்டுக்கொள்ளும் சட்டையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நம் மாவட்டத்தில் அதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது 8 தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடை பிடிக்கவும் செருப்புப் போடவும் கூடாது. பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது. தடைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கால்நடைகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் தம் நூலில் இவற்றையெல்லாம் பதிவுசெய்திருக்கிறார்.

சட்டை, கிராப்பு, செருப்பு, கையில் மதிப்பெண் சான்றிதழ். நேர்முகத் தேர்வுக்குத் தேவையான இந்த நான்கும் அன்றைக்குத் தடுக்கப்பட்டவை. பாட்டன் பாட்டிமார் அடிபட்டு மீட்டுக் கொடுத்ததைத்தான் நாம் உடுத்திக்கொண்டு போகிறோம். அதை நன்றாகவே உடுத்திப் போவோம்.

அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கிப் புதுத்துணி எடுக்க வேண்டாம். தம்பிகளுக்கு வெளிர் நிறத்தில் கட்டம், கோடு இல்லாத முழுக்கைச் சட்டையும் அடர் நிறப் பேண்ட்டும் போதும். பள்ளிச் சீருடைப் பேண்ட் நல்ல நிலையில் இருந்தால் அதுவே சரி. கிழிசல் ஜீன்ஸ், படம் போட்ட டி-சர்ட் வேண்டாம். தங்கைகளுக்குச் சுடிதார் வசதி. துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டால் பேசும்போது அதை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஷூ இல்லையென்றால் துடைத்த செருப்புப் போதும். நகத்தை வெட்டிவிடுங்கள். துணியை விரித்துக் காட்டும் வேலைக்கு ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது கையைத்தான். கையில் வண்ணக் கயிறு எதுவும் வேண்டாம்.

இஸ்திரிப் பெட்டி இல்லாத வீட்டில் அடிப்பக்கம் சமமான எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றித் தேய்க்கலாம். பஸ் நெரிசலில் சட்டை கசங்கும் என்று தோன்றினால், அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கேயே முகம் கழுவித் தலை வாரிக்கொள்ளலாம். சிவப்பழகு கிரீம் மட்டும் வாங்காதீர்கள். நம் நிறத்தில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை.

முடிந்தால் முந்தின நாளே அந்தக் கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்தத் தளத்தில் என்ன விற்கிறார்கள், ஊழியர்கள் எப்படி உடுத்தியிருக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். மனக்கணக்கும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். 2,400 ரூபாய்ச் சேலைக்கு 15 சதவீதத் தள்ளுபடி போனால் 2,040 ரூபாய் என்று தயங்காமல் சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்தக் கடையும் கவனிக்கும்.

"முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் சட்டென்று "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை எழுதியது அனுபவம்தான். வாரச் சந்தையில் அத்தையோடு உட்கார்ந்து கத்தரிக்காய் விற்றதும், திருவிழாவில் ஐஸ் விற்றதும் அனுபவம்தான். அதைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். பேச்சில் ஊர் வாடை அடிக்கிறதே என்ற கூச்சமும் வேண்டாம். அந்தக் கடைக்குச் சேலை எடுக்க வருபவர்களில் பாதிப் பேர் நம்மைப் போலப் பஸ் ஏறி வருகிறவர்கள்தான்.

அடுத்தது, நாம் எல்லோரும் அறிந்த ஒரு கேள்வி. "எந்த ஊர்?" என்பதில் தொடங்கி, "ஊருக்குள்ளா, வெளியிலா?", "எந்தத் தெரு?", "நீங்க என்ன ஆளுங்க?" என்று நீளும். பொய் சொல்லவும் வேண்டாம், குன்றிப் போகவும் வேண்டாம். ஆதாரில் உள்ளபடி ஊர், அஞ்சல், வட்டம் சொல்லுங்கள். அதற்கு மேலும் துருவினால், "இந்த வேலைக்கு அது தேவைப்படுமா சார்?" என்று அமைதியாகக் கேளுங்கள். தனியார் கடையில் இடஒதுக்கீடு கிடையாது. அங்கே சாதிச் சான்றிதழுக்கு வேலை இல்லை. தீண்டாமையின் பேரில் வேலைக்குத் தடை போடுவது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படி நடந்தால் நாள், நேரம், கேட்டவர், கேட்ட வார்த்தை ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவைத்து, வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566-ஐ அழையுங்கள்.

கடைசியில், "நீ ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். அங்கேதான் நாம் பேச வேண்டும். சம்பளம் எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம், வார விடுமுறை எந்த நாள், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தம் உண்டா என்று கேளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி இயல்பான வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. வாரம் ஒரு நாள் விடுமுறை. 10 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் கடைக்கு இ.எஸ்.ஐ.யும், 20 பேருக்குக் குறையாத கடைக்கு பி.எஃப்.பும் பொருந்தும். நாள் முழுக்க நின்றே கால் வீங்கிப்போன ஊழியர்களுக்காக, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் அந்தச் சட்டத்தில் திருத்தம் வந்தது. கடையைச் சுற்றிப் பார்க்கும்போது நாற்காலி கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றின் நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், ஒரு பக்கப் பயோடேட்டா, ஒரு பேனா. அசல் சான்றிதழைக் காட்டலாம், ஆனால் ஒப்படைக்கக் கூடாது. அது கடையில் மாட்டிக்கொண்டால், மேலே படிக்க இடம் கிடைத்தாலும் விலகி வர முடியாமல் போகும்.

ஒரு கடை வேண்டாம் என்றால் அது அந்தக் கடையின் முடிவு மட்டுமே. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் தாட்கோவின் இலவசத் திறன் பயிற்சிகளும் இருக்கின்றன. அவற்றை விசாரித்து வையுங்கள். ஏற்கெனவே வேலையில் சேர்ந்துவிட்ட அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிறு மாலை காலனிப் பிள்ளைகளைக் கூட்டி, எதிரே ஒரு நாற்காலி போட்டு, இந்தக் கேள்விகளை நீங்களே கேட்டுப் பழக்குங்கள். வீட்டில் கிடைக்காத விடை தெருவில் கிடைக்கட்டும்.